கோழிக் கம்புக்கு ஏழு பூச்சு

இன்று நான் அறிமுகப்படுத்தப் போகிறவருக்கு எல்லோரையும் போலக் கண் இரண்டு உண்டு. ஆனால் ஒன்றைத்தான் உபயோகிப்பார். மற்றதை இறுக மூடிக்கொண்டு, கையில் கிடைத்த பலகையையோ கம்பையோ துப்பாக்கி மாதிரி தோளுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் நுனி வழியாகத் தூரத்தில் எதையோ பார்ப்பார். பார்த்து முடித்ததும் உதட்டைப் பிதுக்குவார். கட்டைவிரலால் மரத்தை ஒரு முறை தடவுவார். பிறகு, ஏதோ கெட்ட சேதியை மெதுவாகச் சொல்கிற டாக்டர் மாதிரி, "இன்னும் ஒரு தேய்ப்பு" என்பார். இந்த இனத்துக்கு நான் 'தேய்ப்பாளர்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தேய்ப்பாளரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சோம்பேறியாக இருந்தால் நாம் பிழைத்தோம், வேலையைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம். இவரோ எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போய், நடுவில் டீ குடிக்கும்போதுகூட உப்புத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, மூக்கில் மரத்தூள் படிய, மாடாய் உழைப்பார். வேலை மட்டும் முடியாது. முடியாததற்கு ஒவ்வொரு முறையும் காரணம் இருக்கும், அந்தக் காரணம் ஒவ்வொரு முறையும் நியாயமாக இருக்கும். இப்படிப்பட்டவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவீர்கள்?

நீங்களும் பார்த்திருப்பீர்கள். கால்பந்துக் கிளப்புக்கு நிதி திரட்ட சாசேஜ் சுட்டு விற்கிற சனிக்கிழமையில், வரிசை நீண்டு வாசலைத் தாண்டிப் போயிருக்க, இவர் இடுக்கியை வைத்துக்கொண்டு எல்லா சாசேஜும் ஒரே நிறத்துக்கு வரட்டும் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருப்பார். பிறந்தநாள் அட்டையில் எழுத வாசகம் தேடித் தேடி அடுத்த பிறந்தநாளுக்குச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஊருக்கு ஒருவர் இருந்தே தீருவார். எங்கள் ஊரில் இருப்பவர் பெயர் கெல்வின் பாஸ்கோ.

கெல்வின் ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். பெட்டிகளின் மர வேலை அவருடையது. முதல் வகுப்புச் சாப்பாட்டு மேஜைகளை அவர் மெருகேற்றிய காலத்தில் பயணிகள் தட்டை வைத்ததும் அது எதிர் சீட்டுக்கு நழுவிப் போகும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு ஆண்கள் கொட்டகையில் சேர்ந்துகொண்டார். செவ்வாயும் வியாழனும் ஊரிலுள்ள வேலையற்ற கிழவர்கள் கூடி, மனைவிமார்களுக்கு நிம்மதி கொடுக்கும் பொருட்டு, மரம் அறுக்கிற இடம் அது. உறுப்பினர்கள் இருபத்துமூன்று பேர். நன்றாகக் கேட்கிற காதுகள் மொத்தம் முப்பது இருக்கும். எனக்கு மரவேலை வராது என்பதை முதல் வாரமே கண்டுபிடித்து டீ போடுகிற பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

கெல்வினின் திறமைக்கு அவர் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. பின்வாசலுக்குப் படி வைக்கிற வேலை அங்கே ஒன்பது வருஷமாக நடந்துவருகிறது. படி பிரமாதமாக இருக்கிறது, நானே பார்த்தேன். கராஜில் போர்வை போர்த்தி வைத்திருக்கிறார். அவர் மனைவி லொரெய்ன் ஒன்பது வருஷமாக ஒரு பிளாஸ்டிக் பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதில் கால் வைத்து இறங்கித் துணி உலர்த்தப் போகிறார்.

இப்படி இருக்கையில்தான் மே மாதம் இரண்டாவது வாரம் நோரீன் எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

நோரீனுக்கு எழுபத்துநாலு வயது. ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டரில், ஓடாத ஒரு கேரவனோடும் மூன்று கோழிகளோடும் தனியாக இருக்கிறவர். கோழிகளுக்கு மாவிஸ், டல்சி, பெரில் என்று தன் மூன்று நாத்தனார்களின் பெயரை வைத்திருந்தார். "இதுங்களாவது முட்டை போடுது" என்பார். கைத்தடியை எங்கள் மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

"ஒரு கம்பு வேணும் கண்ணு. இவ்வளவு நீளம். கோழி அடையறதுக்கு. பழசு உளுத்து ஒடிஞ்சு போச்சு."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். பழைய மண்வெட்டிப் பிடி ஏதாச்சும் கிடந்தாக்கூடப் போதும்."

கொட்டகையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. கெல்வின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"மண்வெட்டிப் பிடியா?" என்றார். "கோழியோட பாதத்தைப் பத்தி நீங்க யோசிச்சுப் பாத்தீங்களா?"

நோரீன் யோசித்திருக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தது தன் முழங்காலைப் பற்றி.

விஷயம் இதுதான். பதினாலு மாதம் வரிசையில் காத்திருந்து, அவருடைய முழங்காலை மாற்றுகிற ஆபரேஷனுக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்திருந்தது: ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு நாள் தங்க வேண்டும். வராவிட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். கோழிகளுக்காக பெர்த்தில் இருக்கிற மகள், வெளிச்சம் மங்கியதும் தானாகவே சாத்திக்கொள்கிற கூட்டுக் கதவு ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். காலையில் நான் போய்த் தண்ணீர், தீனி வைப்பதாக ஏற்பாடு. அந்தியில் யாரும் போக முடியாது. அந்த நேரத்தில் எங்கள் சாலை முழுக்க கங்காருக்கள், வண்டி ஓட்டுவது இரு தரப்புக்கும் நல்லதல்ல. ஆக, கதவு சாத்துவதற்குள் கோழிகள் தாமாகவே உள்ளே போயாக வேண்டும். உள்ளே கம்பு இருந்தால் போகும். இல்லாததால் மூன்றும் தினமும் கேரவனுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இழுவைக் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டன, நோரீன் தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நரி வேலிக்கு அப்பாலிருந்து இதைத் தினமும் மேற்பார்வை பார்த்தது.

"அதுங்க உள்ள அடையலைன்னா நான் போகப்போறதில்ல" என்றார் நோரீன். "ஆறு வருஷமா என்கூடப் பேசிக்கிட்டு இருக்கிறது அதுங்க மூணும்தான்."

நாலு வாரத்துக்கு மேல் இருக்கிறதே, ஒரு கம்புதானே என்று நான் தலையாட்டினேன்.

முதல் வாரம் கெல்வின் மரத்தைத் தொடவே இல்லை. நோரீன் வீட்டுக்குப் போய் மாவிஸைத் தூக்கி அட்டையின் மேல் நிறுத்தி, அதன் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மற்ற இரண்டும் ஒத்துழைக்கவில்லை. சமையலறைத் தராசில் மூன்றையும் எடை போட்டார். அடுத்த செவ்வாய் டீ நேரத்தில் அந்த அட்டையைச் சுவரில் குத்தி வைத்து எங்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தார். கம்பு உருண்டையாக இருந்தால் கோழி ராத்திரி முழுக்க விரலை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மேல்பக்கம் தட்டையாக, ஓரம் மட்டும் உருட்டியதாக, இரண்டு அங்குல அகலம் இருந்தால் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து குளிருக்கு விரலை மூடிக்கொள்ளும். இரும்புக் குழாய் கூடாது, பனியில் விறைக்கும். முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழி பெட்டியிலேயே தூங்கி அசிங்கம் பண்ணும். ரொம்ப உயரமும் கூடாது, கனத்த கோழி குதிக்கும்போது காலில் அடிபடும். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். ஏணி மாதிரி படிப்படியாக வைத்தால் மேல் படிக்கு அடிதடி நடக்கும், எல்லாம் ஒரே மட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

"இந்த நாட்டுல ஒருத்தன் இன்னொருத்தன் தலைக்கு மேல உக்கார்றது கோழிக்கும் பிடிக்காது" என்று முடித்தார். நாங்கள் கை தட்டினோம்.

"எல்லாம் சரிய்யா கெல்வின்" என்றார் மெர்வ். அவர் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துப் பிழைத்தவர், அவருக்கு எதையும் மூன்று நிமிஷத்தில் முடித்துத்தான் பழக்கம். "கம்பு எப்போ வரும்?"

"செஞ்சா சரியா செய்யணும்."

"செஞ்சாத்தானேய்யா?"

கவனியுங்கள். கெல்வின் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. தேய்ப்பாளரின் பலமே அதுதான். தப்பாகச் சொல்கிறவரைத் திருத்தலாம், சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

இரண்டாவது வாரம் மரம் தேடினார். கிடைத்ததெல்லாம் ஒன்று முடிச்சு விழுந்ததாக இருந்தது, ஒன்று வளைந்ததாக இருந்தது. கடைசியில் தன் கராஜில் இருபது வருஷமாக எதற்கோ என்று பத்திரப்படுத்தி வைத்திருந்த, பிளாக்வுட் என்கிற விலையுயர்ந்த மரத்தின் பலகையையே எடுத்து வந்தார். அவருடைய மகள் கல்யாணத்துக்குக்கூட எடுக்காத பலகை. மூன்றாவது வாரம் அறுத்து, இழைத்து, ஓரத்தை உருட்டினார். அன்றே அதை வண்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன், நீங்களும் வேறு நல்லதாக ஏதாவது படித்திருப்பீர்கள்.

ஆனால் கெல்வின் ஒரு கண்ணை மூடிவிட்டார்.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள். பிறகு நூற்றிருபது. பிறகு நூற்றெண்பது. பிறகு இருநூற்று நாற்பது. அதற்கும் மேலே நம்பர் உண்டா என்று நான் கேட்டது தப்பு. நானூறு வாங்க அவர் அடுத்த ஊருக்குப் போய் வந்தார். அதன் பிறகு வார்னிஷ் ஆரம்பமானது, குழந்தைகள் வாயில் வைக்கிற பொம்மைகளுக்குப் பூசுகிற, விஷமில்லாத ரகம். ஒரு பூச்சு, காய ஒரு நாள், மேலே ஒரு தேய்ப்பு, அடுத்த பூச்சு. ஜூன் மாத ஈரத்தில் ஒரு நாள் என்பது ஒன்றரை நாள்.

வியாழன்தோறும் நோரீன் போன் பண்ணுவார்.

"கம்பு எப்படி இருக்கு கண்ணு?"

"ரொம்ப அழகா இருக்கு."

"அழகு இருக்கட்டும். எங்க இருக்கு?"

ஒரு முறை, தோட்டத்து எலுமிச்சை மரத்தில் ஒரு கிளையை வெட்டித் தற்காலிகமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கெல்வின் போனை வாங்கிவிட்டார்.

"தயவுசெஞ்சு வேணாம் நோரீன். கோழி அதுக்குப் பழகிடும். அப்புறம் நம்ம கம்புல ஏறாது."

இதிலும் நியாயம் இருந்தது. நோரீன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். வலிக்கிற காலோடு இன்னும் ஒரு வாரம் கோழி தூக்கினார்.

ஏழாவது பூச்சு காய்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது. செவ்வாய் காலை நோரீனுக்கு ரயில். கொட்டகையைத் திறக்கிற நாள் இல்லை என்றாலும் நாங்கள் பதினோரு பேர் வந்திருந்தோம். கெல்வின் லொரெய்னின் பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு கம்பின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். எங்காவது ஒரு சிலாம்பு இருந்தாலும் நூல் மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை. காலுறை தண்ணீரில் போகிற மாதிரி போயிற்று. நான் குனிந்து பார்த்தேன், என் மூக்கு தெரிந்தது. எல்லோரும் கை தட்டினோம். செய்தி மடலுக்கு ஒரு படம்கூட எடுத்தோம். அங்கிருந்த பதினோரு பேரில் ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது, இதில் கோழி எப்படி நிற்கும் என்று தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாலை நாலரைக்கு நோரீன் வீட்டுக் கூட்டில் கெல்வின் கம்பைப் பொருத்தினார். தரையிலிருந்து உயரம் சரி, சுவரிலிருந்து தூரம் சரி, மட்டப் பலகை வைத்துப் பார்த்தால் அதன் குமிழி நட்ட நடுவில் நின்றது. நோரீன் ஒவ்வொரு கோழியாகத் தூக்கி வந்து உள்ளே விட்டார். மெர்வும் நானும் கம்பி வலைக்கு வெளியே நின்றோம்.

மாவிஸ்தான் முதலில் குதித்தது. கம்பின் மேல் வந்து இறங்கியது, இறங்கிய வேகத்தில் அப்படியே முன்னால் நழுவி, பெரிய மனிதருக்கு வணக்கம் சொல்வது போல் தலை குனிந்து, அந்தப் பக்கமாக டல்சியின் மேல் விழுந்தது. டல்சி இறக்கையை அடித்துக்கொண்டு ஏறி இரண்டு நொடி நின்றது. இரண்டு நொடியும் கால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. பெரில் கீழே நின்று இரண்டையும் பார்த்துவிட்டு முயற்சியே செய்யவில்லை. மாவிஸ் இன்னும் மூன்று முறை விழுந்தது. பிறகு மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே நடந்து, கேரவனுக்குப் போய், துருப்பிடித்த இழுவைக் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

கெல்வின் ஒரு கண்ணை மூடிக் கம்பைப் பார்த்தார்.

"அதுங்களுக்குப் பழக்கம் இல்ல" என்றார். "ரெண்டு வாரம் போனா..."

"ரெண்டு வாரம் எங்க இருக்கு?" என்றார் மெர்வ்.

நோரீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கைத்தடியை எடுத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்" என்றார், பால்காரரிடம் பால் வேண்டாம் என்று சொல்கிற குரலில். "உன்னைக் குத்தம் சொல்லலை கண்ணு. ரொம்ப அழகா இருக்கு."

கெல்வினின் முகத்தை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தது. அவர் நோரீனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரத்தில் மாவிஸின் பாதத்தை அட்டையில் வரைந்தவர் இந்தக் காலை முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.

"குதிரை வெச்சிருந்தீங்களே நோரீன்" என்றார். "குளம்பு தேய்க்கிற அரம் இருக்கா?"

இருந்தது. முழங்கை நீளத்தில், ஒவ்வொரு பல்லும் கோதுமை மணி அளவில் இருந்தது. கெல்வின் கம்பைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அரத்தை அதன் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு இழுத்தார். அந்தச் சத்தத்துக்கு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மெர்வ் தொப்பியைக் கழற்றிவிட்டார், அது கேலிக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏழு பூச்சும் தூளாக உதிர்ந்தது. கெல்வின் அழுதார், வார்னிஷ் தூசு கண்ணில் விழுந்ததாக அவரே சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

அவரை நான் மெச்ச ஆரம்பித்த நேரம். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது, கதவு சாத்தக் கால் மணி நேரம்கூட இல்லை. கெல்வின் கம்பைத் தூக்கி, துப்பாக்கி மாதிரி பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

"கீறல் எல்லாம் ஒரே சீரா விழலை" என்றார். "இடது பக்கம் இன்னும் ஒரு..."

நோரீன் கைத்தடியைக் கீழே போட்டார். இரண்டு எட்டு, தடி இல்லாமல், எடுத்து வைத்தார். கெல்வின் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக் கூட்டுக்குள் தாமே மாட்டினார்.

"உக்காரு கெல்வின்" என்றார்.

கெல்வின் உட்கார்ந்தார். மெர்வ் இரண்டு கோழியையும் நான் ஒன்றையும் தூக்கி வந்து விட்டோம். மாவிஸ் குதித்தது, நின்றது, காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. பிறகு பாதத்தின் மேல் அப்படியே அமர்ந்து, கெல்வின் பிரசங்கத்தில் சொன்ன மாதிரியே விரல்களை இறகால் மூடிக்கொண்டது. டல்சியும் ஏறியது. பெரில் ஏறி, டல்சியை இடித்து, இடம் பிடித்தது. கதவு சாத்திக்கொண்டது. திங்கட்கிழமை மாலை நோரீன் கை வைக்காமலே மூன்றும் உள்ளே போய்விட்டன. செவ்வாய் காலை அவர் ரயில் ஏறினார்.

பன்னிரண்டு நாளும் காலை ஏழரைக்கு எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். "மூணும் இருக்கா?" என்பார். இருக்கிறது என்றால் வைத்துவிடுவார். இப்போது தடி இல்லாமல் நடக்கிறார். கெல்வின் கொட்டகையில் சொரசொரப்பு பற்றி ஒரு புதிய அட்டையைக் குத்தி வைத்திருக்கிறார், அதில் மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரித் துண்டு. லொரெய்ன் இன்னும் பால் கூடையில்தான் இறங்குகிறார்.

கெல்வினைப் பார்த்து நான் நிறையச் சிரித்தாகிவிட்டது. ஆகவே இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பன்னிரண்டு நாளில் ஐந்தாம் நாள் காலை, நோரீன் அவசரத்தில் மாட்டிய கம்பு இடது பக்கம் நூலளவு சாய்ந்திருப்பது என் கண்ணில் பட்டது. கோழிகளுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆறாம் நாள் நான் மட்டப் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் நாள் கம்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "மூணும் இருக்கா?" என்றார் நோரீன். இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கம்பை அவசரமாக அதே சாய்வில் திரும்ப மாட்டினேன்.

நீங்கள்? இரண்டு அங்குல அகலம் என்று படித்த இடத்தில், இரண்டரை இருந்தால் இன்னும் நல்லதாயிற்றே என்று தோன்றியதா? பிளாக்வுட்டுக்குப் பதில் வேறு மரம் போட்டிருக்கலாம் என்று? இந்தக் கட்டுரையின் நடுவே ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதியிருந்தால் எடுப்பாக இருந்திருக்கும் என்று? நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சரியை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, மூடிய கண்ணையும் திறந்து, பக்கத்தில் பாருங்கள். நீங்கள் முடித்துத் தருவீர்கள் என்று யாரோ வலிக்கிற காலோடு நின்றுகொண்டிருக்கலாம்.